ஆகஸ்ட் இருபத்தொன்று, முதலாம் ஆண்டு

நான் ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன். அவன் செத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் கொன்றது போன வியாழக்கிழமை. போலீசில் போய் இதைச் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பொற்கொடி. சொந்த ஊர் விருதுநகர். சரித்திரம் படித்தால் சோறு கிடைக்காது என்று வீட்டில் எல்லோரும் சொன்னதைப் பொய்யாக்கியே தீர்வது என்று வீம்புக்குப் படித்தேன். அந்த வீம்பு என்னை இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்துக்கு மேற்கே ஒரு கோதுமை வயல் ஓரத்தில், ஒரு தகரக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தியது. கொட்டகைக்குள் பல் டாக்டரிடம் இருப்பதுபோல ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால், அதே மண்ணில் எப்போதோ வாழ்ந்து செத்த ஒருவருடைய தலைக்குள் போய் உட்காரலாம். நாங்கள் அதைச் சவாரி என்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கொட்டகையில் நாங்கள் மூன்றே பேர். நிறுவனத்தின் தலைவர் டாக்டர் அனந்தபத்மன், நாகர்கோவில்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். இயந்திரத்தை இயக்குகிறவள் தூத்துக்குடி ஜெபராணி. மூன்றாவது ஆள் நான்.

முதல் நாளே டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"ஒடம்பு இங்கதான் இருக்கும். நீங்க அவன் கண்ணு வழியா பாக்கலாம், அவன் நெனைக்கிறதக் கேக்கலாம். கையக் கால அசைக்க முடியாது."

"அந்தக் காலத்து இங்கிலீஷ் எனக்கு எப்படி சார் புரியும்?"

"நெனப்புக்குப் பாஷை கெடையாதும்மா. அவன் நெனைக்கிறது உங்களுக்கு விருதுநகர்த் தமிழாத்தான் கேக்கும்."

"அப்ப நான் நெனைக்கிறது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனப் பாத்து நெனச்சீங்கன்னா அவனுக்கும் கேக்கும். அதனால கூடாது. பேசக் கூடாதுங்கிறது மொத விதி. அவன் சாவும்போது உள்ள இருக்கக் கூடாதுங்கிறது ரெண்டாவது."

இரண்டாவது விதிக்கு அவர் காரணம் சொல்லவில்லை, ஜெபராணி சொன்னாள். எனக்கு முன்னால் இங்கே மைக்கேல்ராஜ் என்று ஒருவர் இருந்தார். ஆற்றில் முங்கிச் செத்த ஒரு படகோட்டியின் தலையிலிருந்து அரை நிமிஷம் தாமதமாக வெளியே வந்தார். அந்த அரை நிமிஷத்துக்கு இப்போது நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் தண்ணீர் டம்ளரைப் பார்த்தால் அலறுகிறார். தன் பெயர் தெரியாது. பெண்டாட்டி முகம் தெரியாது. மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டே இருக்கிறார்.

எனக்குக் கொடுத்த ஆள் வால்டர் ஃபென். முப்பத்துநாலு வயது, பத்திரம் எழுதுகிறவன். காலம் 1485 ஆகஸ்ட்.

அவனைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது ராஜா பதவி என்பது ஓடுகிற பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட் மாதிரிதான் இருந்தது. 1470-ல் ஆறாம் ஹென்றி சிறையிலிருந்து வந்து திரும்பவும் அரியணையில் உட்கார்ந்தார், ஆறே மாதம். 1471-ல் நாலாம் எட்வர்ட் அவரை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். 1483 ஏப்ரலில் எட்வர்ட் செத்தார், பன்னிரண்டு வயது மகன் ராஜா ஆனான். அதே வருஷம் ஜூனிலேயே சித்தப்பா ரிச்சர்ட் ராஜா ஆகிவிட்டார். கோட்டைக்குள் போன அந்தப் பையனையும் அவன் தம்பியையும் பிறகு யாரும் பார்க்கவில்லை. இப்போது 1485-ல் இன்னொரு ஹென்றி, பிரான்சிலிருந்து கப்பலில் ஆட்களோடு வந்து இறங்கியிருக்கிறார்.

பெரிய இடத்துச் சண்டை, நமக்கென்ன என்று குடியானவன் இருக்கலாம். பத்திரம் எழுதுகிறவனால் முடியாது. அந்த ஊரில் அப்போது ஒரு பத்திரத்துக்குத் தேதி போடுவதென்றால், இன்ன மாதம் இன்ன நாள், இன்ன ராஜாவின் இத்தனையாவது ஆண்டு என்றுதான் போட வேண்டும். ராஜா மாறினால் ஆண்டு மாறும். ஆறாம் ஹென்றி திரும்ப வந்திருந்த அந்த ஆறு மாதத்தில்தான் வால்டரின் அப்பா தன் வீட்டுப் பத்திரத்தை முடித்தார், ஹென்றியின் ஆண்டு போட்டு. இரண்டே மாதத்தில் எட்வர்ட் திரும்பி வந்து, நடுவில் அப்படி ஒரு ஆட்சியே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார். நடக்காத ஆட்சியில் எழுதிய பத்திரம் எப்படிச் செல்லும் என்று ஊர்ப் பெரிய மனிதர் வீட்டைப் பிடுங்கிக்கொண்டார். அப்பா அடுத்தவன் மாட்டுக்கொட்டகையில் கிடந்து செத்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வால்டருக்கு அப்போது இருபது வயது.

இந்தக் கதையை அவன் யாருக்கும் சொல்லவில்லை. நடக்கும்போதும் சாப்பிடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள் ஒருவனுடைய கவலைக்குள் குடியிருந்து பாருங்கள், தெரியும்.

அவனுக்கு மனைவி இல்லை, பிரசவத்தில் போய்விட்டாள். சிசிலி என்று ஒன்பது வயதுப் பெண். இரண்டு அறையும் ஒரு ஆப்பிள் மரமும் உள்ள ஒரு வீடு, பதினாலு வருஷம் மை தொட்டுச் சம்பாதித்தது. ஊர்ப் பிரபு ரிச்சர்ட் ராஜாவின் படைக்கு ஆள் திரட்டிக்கொண்டு கிளம்பியபோது, வில்வீரர்களின் பெயரெழுத ஒரு ஆள் வேண்டுமென்று இவனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். சிசிலியைத் தாய்மாமன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். சண்டையில் தான் செத்தால் வீடு அவளுக்குப் போக வேண்டும், அதற்குச் செல்லுபடியாகிற ஒரு பத்திரம் வேண்டும். அந்த மூன்று நாளும் அவன் கேட்டது இது ஒன்றைத்தான்.

ஆகஸ்ட் இருபத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் படை முகாமில் ஒரு வண்டி நிழலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். அழகான கையெழுத்து அவனுக்கு. வீட்டின் நாலு எல்லை, மரம், கிணற்றில் பாதி உரிமை, சிசிலியின் பெயர், தாய்மாமன் பெயர் எல்லாம் எழுதினான். எழுதிய இடம் ரிச்சர்ட் அரசரின் படை முகாம் என்று அதையும் சுத்தமாக எழுதினான். தேதிக்கு ஒரு விரற்கடை இடம் விட்டான். பிறகு இறகை மையில் தொட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ரிச்சர்டின் மூன்றாம் ஆண்டு என்று போடலாம், ஹென்றி ஜெயித்தால் கிழித்துப்போடுவார்கள். ஹென்றியின் ஆண்டு என்று போடலாம், ரிச்சர்ட் ஜெயித்தால் கழுத்தே போகும். மை காய்ந்தது. மறுபடி தொட்டான், அதுவும் காய்ந்தது.

"யாராவது சொல்லுங்களேன்," என்று மனசுக்குள் அழுதான். "எந்த ராஜா வருஷம் போடட்டும்? யாருக்காவது தெரியுமா?"

எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்து மார்க் கேள்வி அது. மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அப்போது முடியவில்லை.

"ஓடிப் போயிரு வால்டர்," என்றேன். "நாளைக்கு நீ இங்க இருக்காத."

இறகு கீழே விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தான். ஏதோ புனிதவதி வந்து பேசுகிறாள் என்று நினைத்துவிட்டான். வெட்கமாக இருந்தது எனக்கு.

"தாயே, ஓடிப் போனவன் சொத்த எடுத்துக்கிருவாங்க. பெறகு பிள்ள எங்க போவா? நான் உசுரக் கேக்கல. தேதியச் சொல்லுங்க போதும்."

"நாளைக்குக் காலையில ரிச்சர்ட் ராஜா செத்துருவாரு. ஹென்றிதான் ராஜா."

"அப்ப நாளத் தேதியா போடணும்? நாளைக்கு நான் இருப்பேனா?"

"இருப்பியா மாட்டியான்னு எனக்குத் தெரியாது. ஆனா இன்னத் தேதியே போடலாம். புது ராஜா தன் ஆட்சி இருபத்தொண்ணாந் தேதியே தொடங்கிருச்சுன்னு சொல்லப்போறாரு. சண்டைக்கு மொத நாள்ல இருந்து."

"ஜெயிக்கிறதுக்கு முன்னாடியேவா? எதுக்கு?"

"அப்பத்தான் நாளைக்குப் பழைய ராஜா பக்கம் நின்னவன் பூராம் துரோகி ஆவான். தன் ராஜாவையே எதுத்து நின்ன துரோகி. துரோகி சொத்து ராஜாவுக்குத்தான்."

கீழே கிடந்த இறகை எடுத்து மண்ணைத் துடைத்தான். பிறகு, தொழில் தெரிந்தவனுக்கே உரிய மரியாதையோடு, "கெட்டிக்காரன்," என்றான். நானும் அதற்குச் சிரித்தேன். 

ஆகஸ்ட் இருபத்தொன்று, ஏழாம் ஹென்றி அரசரின் முதலாம் ஆண்டு. எழுதி முடித்து ஊதினான். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். பதினாலு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதை நானே உணர்ந்தேன்.

"நாளைக்கு மத்தியானம் வர இத யார்கிட்டயும் காட்டாத," என்றேன். "மடிச்சுச் சட்டைக்குள்ள வச்சுக்க."

"சாட்சி வேணுமே தாயே."

"நாளைக்கு வச்சுக்கலாம்."

"நாளைக்கு நான் செத்துட்டா? வாசிச்சுக் காட்டாத பத்திரம் செல்லாது. ரெண்டு பேரு முன்னால சத்தமா வாசிக்கணும், முத்திரை வைக்கணும். அதான் வழக்கம்."

இது எனக்குத் தெரியாததா? அந்தக் காலத்தில் சாட்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் முழுப் பத்திரத்தையும் உரக்கப் படித்துக் காட்டியாக வேண்டும். பாடப் புத்தகத்தில் இரண்டு வரி. பரீட்சைக்கு வராது என்று நான் தாண்டிப் போன இரண்டு வரி.

"சரி, வாசி. தேதிய மட்டும் மாத்தி வாசி," என்று கத்தினேன். "ரிச்சர்டோட மூணாம் ஆண்டுன்னு வாசி! அவனுகளுக்கு எங்க தெரியப்போவுது?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. புனிதவதி என்றும் பார்க்கவில்லை. "எழுதினது ஒண்ணு வாசிக்கிறது ஒண்ணுன்னா அது கள்ளப் பத்திரம். எங்கப்பன் பத்திரத்துல ஒரு ஓட்ட இருந்துச்சு, அந்த ஓட்ட வழியாத்தான் எங்க வீடு போச்சு. எம்பிள்ள பத்திரத்துல ஓட்ட இருக்காது."

இரண்டு வில்வீரர்களைக் கூப்பிட்டான். அவர்கள் ரொட்டியைத் தின்றுகொண்டே வந்து உட்கார்ந்தார்கள். கணீரென்று வாசித்தான். தேதி வந்ததும் ஒருவன் மெல்லுவதை நிறுத்தினான். ராஜா நூறு கஜத் தூரத்தில் உயிரோடு இருக்கும்போது அடுத்த ராஜாவின் ஆண்டைப் போடுகிறவன், ராஜாவின் சாவை எதிர்பார்க்கிறவன். அன்றைய சட்டத்தில் அதற்குத் துரோகம் என்று பெயர். சாட்சிக்கு இரண்டு பேரும் சிலுவைக் குறி போட்டார்கள். முத்திரை மெழுகு ஆறும் முன்னால் ஒருவன் எழுந்து போனான். காவலர்கள் நாலு பேர் வந்தார்கள். வால்டரின் கையைப் பின்னால் முறுக்கியபோது என் தோளும் வலித்தது. "இது உங்களுக்குத் தெரியுமா தாயே?" என்று கேட்டான். பதில் சொல்லும் முன் ஜெபராணி என்னை வெளியே இழுத்துவிட்டாள்.

கொட்டகையில் நாற்காலியை விட்டு எழுந்ததும் நேரே டாக்டரிடம் போய், "நான் பேசிட்டேன் சார்," என்றேன். வேலையை விட்டுத் தூக்குவார், கேஸ் போடுவார், என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்று இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "உக்காருங்கம்மா," என்றார். மேஜை இழுப்பறையைத் திறந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த ஒரு பழுப்புத் தோல் பத்திரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். படிக்கத் தேவையில்லை எனக்கு. அந்தக் கையெழுத்து ஓடும்போது நான் உள்ளே இருந்திருக்கிறேன்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு பழைய சர்ச்சுப் பெட்டியில கெடச்சது," என்றார். "அன்னைக்கு அந்தத் தேதிய எழுத உலகத்துல ஒருத்தராலயும் முடியாது. எழுதியிருக்கான். அப்ப யாரோ சொல்லியிருக்காங்க. சொல்ல ஒரு வழி இருந்திருக்கு. இத வச்சுத்தான் நான் இந்த மிஷினக் கட்டவே ஆரம்பிச்சேன்."

"நான் பேசுவேன்னு உங்களுக்குத் தெரியும்."

"நீங்கன்னு தெரியாது. பேசக்கூடிய ஒரு ஆள் வேணும்னு தெரியும். பரீட்சைக்கு நாப்பது பேரு வந்தீங்க. பக்கத்து ரூம்ல ஒரு ஆள அழ விட்டோம். விடைத்தாள அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுப் போனது நீங்க மட்டும்தான்."

நான் அந்தப் பரீட்சையில் தோற்றுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்ததும் கோயிலில் தேங்காய் உடைக்கச் சொல்லி அம்மாவுக்கு எழுதினேன்.

"நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா?"

"இருக்கலியே."

"அது பதில் இல்ல சார்."

"எனக்குத் தெரிஞ்ச பதில் அது ஒண்ணுதாம்மா."

அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். ஆனால் வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. "வீடு பிள்ளைக்குக் கெடச்சுதா? அதையாவது சொல்லுங்க. ஹென்றிதான ஜெயிச்சாரு? தேதி சரிதான?"

முதல்முறையாக அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தேதி சரிதான். அதுதான் சங்கடம். எழுதின எடத்தையும் போட்டிருக்கான் பாருங்க. ரிச்சர்ட் அரசரின் படை முகாம். ஹென்றி ராஜாவோட முதலாம் ஆண்டுல, அவர எதுத்து நின்ன படையில நான் இருந்தேன்னு தன் கையாலயே எழுதி, சாட்சியும் வச்சிருக்கான். அவனப் படைக்கு இழுத்துட்டு வந்த பிரபு சண்டை நடக்கும்போதே கச்சி மாறிட்டாரு. பத்திரத்த அவருதான் கோர்ட்டுல காட்டினாரு. துரோகி சொத்துன்னு தீர்ப்பாச்சு. வீட்ட ராஜா எடுத்து அவருக்கே குடுத்துட்டாரு."

"சிசிலி?"

"அதுக்கப்புறம் எந்தத் தாள்லயும் அவ பேரு இல்ல."

பழைய ராஜா அந்தத் தேதிக்காக வால்டரைத் தூக்கில் போட்டான், புதிய ராஜா அதே தேதிக்காக வீட்டை எடுத்துக்கொண்டான். புது ராஜா ஏன் ஒரு நாள் முன்னால் போகிறார் என்று விலாவாரியாக அவனுக்கு விளக்கியது நான்தான். அந்த விளக்கம் அந்த முகாமில் உட்கார்ந்திருக்கிற அவனுக்கும் பொருந்தும் என்று எனக்கும் உறைக்கவில்லை, பத்திரத் தொழிலில் ஊறிய அவனுக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

டாக்டர் இன்னொரு தாளையும் எடுத்தார். தூக்குப் போட்டபோது பக்கத்தில் இருந்த பாதிரியார் தன் தம்பிக்கு எழுதிய கடிதம். அதிகாலையில், படை கிளம்பும் அவசரத்தில், ஓக் மரம் ஒன்றில் காரியத்தை முடித்திருக்கிறார்கள். அவர் எழுதியிருப்பது இது: "ராத்திரி பூராவும் என் பிள்ளை, என் பிள்ளை என்று புலம்பியவன், கயிறு மாட்டியதும் திடீரென்று அமைதியானான். தலையைச் சாய்த்து யார் பேச்சையோ கேட்பதுபோல் நின்றான். இரண்டு முறை ஏதோ கேள்வி கேட்டான். பிறகு சிரித்தான். கடைசி மூச்சு வரை அந்தச் சிரிப்பு போகவில்லை. இவ்வளவு நிம்மதியாகச் சாகிற ஒருவனை நான் பார்த்ததில்லை, எனக்குப் பயமாக இருந்தது."

படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தேன். திரும்ப அவன் தலைக்குள் போவீர்களா என்று டாக்டர் கேட்கவில்லை. அவர் கேட்கவே மாட்டார், அவருக்குத் தேவையும் இல்லை.

வெளியே வந்தபோது ஜெபராணி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கடிதத்தை அவளும் படித்திருக்கிறாள்.

"முடியாதுக்கா. நான் மிஷினப் போட மாட்டேன். கயித்துல தொங்கும்போது உள்ள இருந்தா என்ன ஆவும்னு தெரியும்லா? மைக்கேல்ராஜ் அண்ணன மறந்துட்டீங்களா?"

"கடைசி மூச்சு வர சிரிச்சான்னு எழுதியிருக்கு, ஜெபா. நடுவுல நான் எந்திரிச்சு வந்தா சிரிப்பானா?"

"போவாம இருந்தா என்ன? ஒங்கள யாரு கையப் புடிச்சு இழுக்கா?"

"யாரும் இழுக்கல. நான் போகலன்னா அவன் ராத்திரி முழுக்கப் பொலம்பி, பொலம்பிக்கிட்டே சாவான். அவ்வளவுதான்."

"சிரிச்சான்னா, அவங்கிட்ட யாரோ பொய்தானக்கா சொல்லிருக்கணும்?" என்று அழுதாள்.

ஆமாம். அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனிடம் நான் இதுவரை உண்மையைத் தவிர எதுவும் சொன்னதில்லை, அதன் லட்சணம் என்ன என்று பார்த்தாகிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.  அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஜெபராணி அதை அனுப்பிவைப்பாள். இதை யாரிடம் கொடுப்பது என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும். மிஷினைப் போடுவதற்கும் சம்மதித்துவிட்டாள்.

வீடு கிடைத்ததா என்று முதலில் கேட்பான். கிடைத்தது என்பேன். ஆனால் அவன் அதோடு விடுகிற ஆள் இல்லை, தேதி கேட்பான். செப்டம்பர் பதினாலு, புதன்கிழமை, ஏழாம் ஹென்றி அரசரின் முதலாம் ஆண்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உரக்க வாசித்து முத்திரை வைத்து வீட்டைச் சிசிலியிடம் ஒப்படைத்தார்கள் என்று சொல்லப் போகிறேன்.